தீபத்தன்று விழுந்த தாயம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தாயக்கட்டம் சிமெண்டிலேயே இருக்கிறது. அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் வீடு கட்டியபோது, மாடித் தளம் பூசிய அன்று, ஈரம் காய்வதற்குள் அப்பா ஓர் ஆணியையும் மரச்சட்டத்தையும் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏழுக்கு ஏழாகக் கட்டம் கிழித்தார். காயை யாரும் வெட்ட முடியாத கட்டங்களில் பெருக்கல் குறி போட்டார். அந்தக் கட்டங்களுக்கு மலை என்று பெயர். மேஸ்திரி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மழைத்தண்ணி நிக்கும் சார்" என்றார். அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் மாடியில் தொட்டி வைத்துச் செடி வளர்த்தார்கள். நாங்கள் தாயம் ஆடினோம்.

கல்யாணப் பேச்சு வந்த வருடம் நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்துப்போன அவர் அதே ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவு. காதல் என்ற சொல்லை இரண்டு வீட்டிலும் யாரும் வாயில் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் 'கூட வேலை பாக்குற பையன்'. அவர் வீட்டில் நான் 'தெரிஞ்ச பொண்ணு'. பெண் பார்க்க வருகிறோம் என்றும் அவர்கள் சொல்லவில்லை. "தீபம் பாக்க வரோம். அப்படியே உங்க வீட்டுக்கும் வந்துட்டுப் போறோம்" என்று அவருடைய அப்பா போனில் சொன்னார். பிடிக்கவில்லை என்றால் தீபம் பார்த்த புண்ணியத்தோடு கிளம்பிவிடலாம் என்கிற ஏற்பாடு.

ஆனால் தீபத்தன்று எங்கள் ஊருக்கு வந்துவிட்டால் நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடியாது. காலையிலேயே வண்டிகளை ஊருக்கு வெளியில் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் மூன்று பேரும் குடியாத்தத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்து சேர்ந்தார்கள். அவர், அவருடைய அப்பா, அம்மா. மலையில் தீபம் ஏற்றுவது சாயங்காலம் ஆறு மணிக்கு. அதுவரை மூன்று பேரும் எங்களோடுதான் இருந்தாக வேண்டும்.

அவருடைய அம்மா அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு. சோபாவில் சாயாமல் நுனியில் உட்கார்ந்தார். "நான் விரதம். தீபம் பாத்துட்டுத்தான் சாப்பிடுவேன். இவருக்கு அதெல்லாம் கெடையாது, எது குடுத்தாலும் சாப்பிடுவார்" என்று கணவரைக் காட்டினார். அவர் சிரித்தபடி மூன்றாவது வடையை எடுத்தார்.

அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. இரண்டு அப்பாக்களும் மழையைப் பற்றிப் பேசினார்கள், மழை தீர்ந்தது. கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், அதுவும் தீர்ந்தது. டி.வி.யில் கோயிலை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அதையே பார்த்தோம். அவர் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பவும் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் காதில், "மாடிக்குக் கூட்டிட்டுப் போய் மலையக் காட்டேன்" என்றாள்.

மாடிக்குப் போனதும் மற்றவர்கள் மலையைப் பார்த்தார்கள். உச்சியில் மேகம் வந்து வந்து போனது. டீச்சர் மட்டும் கீழே பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கட்டத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் கோட்டைத் தடவினார்.

"யார் போட்டது இது?"

அப்பா கொஞ்சம் வெட்கத்தோடு, "நான்தாங்க டீச்சர்" என்றார்.

"மூலையில மலை வெக்கலையே நீங்க?"

"எங்கப் பக்கம் மூலைக்கு மலை கெடையாதுங்க."

"அப்போ மூலை திரும்புறவன் எப்படிப் பொழைப்பான்?"

"பொழைக்கக் கூடாதுங்க டீச்சர். அதான் ஆட்டம்."

டீச்சர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சத்தை அப்போது பார்த்தேன். "கட்டை இருக்கா?" என்று கேட்டார்.

நான் படிகளில் ஓடினேன். பித்தளைத் தாயக்கட்டைகள் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். விரல் நீளத்தில் இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. நான்காவது பக்கம் காலி. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உரசி உருட்டிவிட்டால் மேலே தெரிகிற புள்ளிகளின் கூட்டல்தான் எண். ஒன்று மட்டும் விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் முதல் காயைக் கட்டத்தில் இறக்க முடியும். இரண்டு கட்டையும் காலியாக விழுந்தால் பூஜ்யம் என்று நினைத்துவிடக் கூடாது, அதுதான் பன்னிரண்டு. ஒன்றுமே இல்லாததுக்கு உச்ச மதிப்பு வைத்தவர் யாரோ, அவர் எனக்குப் பிடித்தமானவர். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்குக்கும் மறு ஆட்டம் உண்டு. இரண்டோ மூன்றோ நான்கோ விழுந்தால் கட்டையைக் கொடுத்துவிட வேண்டும்.

இதுவரை இரண்டு வீட்டுக்கும் ஒத்துப்போனது. அதற்கு மேல்தான் சண்டை.

நாங்களும் அவர்களும் எதிரெதிராக உட்கார்ந்தோம். நானும் அப்பாவும் ஒரு பக்கம், டீச்சரும் அவரும் ஒரு பக்கம். பக்கத்துக்கு நான்கு காய். எங்களுக்கு வேகவைத்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப்பெயர் அது, அம்மா ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலின் நீல மூடிகள்.

"மொதல்ல ரூல் பேசிக்கலாம். அப்புறம் தகராறு வரக் கூடாது" என்றார் டீச்சர். "எங்க வீட்ல ஒவ்வொரு காய்க்கும் தாயம் விழுந்தாத்தான் எறங்கும்."

"எங்க வீட்ல மொத காய்க்குத்தாங்க தாயம். மத்ததெல்லாம் அஞ்சு விழுந்தாலும் எறங்கும்" என்றார் அப்பா.

"அது ரொம்ப சுலபம் ஆச்சே."

"உங்களுது ரொம்ப லேட்டுங்க. பாதிப் பேர் எறங்காமலே வீட்டுக்குப் போயிடுவாங்க."

இரண்டாவது, ஒரே எண் மூன்று முறை தொடர்ந்து விழுந்தால் மூன்றுமே செத்துவிடும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். விழுந்த எண் எப்படிச் சாகும் என்பது அப்பாவின் கேள்வி. மூன்றாவது, எங்கள் ஆட்டத்தில் ஒரு மலையில் இரண்டு பக்கத்துக் காயும் சேர்ந்து இருக்கலாம். அவர்கள் ஆட்டத்தில் ஒருவர் ஏறிவிட்டால் இன்னொருவர் ஏற முடியாது.

குரல் உயர ஆரம்பித்தது. அம்மா எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். நகை, மண்டபம் என்று எதைப் பற்றியும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் இங்கே சட்டசபை நடந்துகொண்டிருந்தது. டீச்சர் கையைத் தூக்கினார். பள்ளி மைதானத்தில் அந்தக் கை எப்படித் தூக்கப்பட்டிருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. எல்லோரும் வாயை மூடினோம்.

"ஒத்தையா ரெட்டையா போட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றார். தட்டிலிருந்து ஒரு கை மல்லாட்டையை அள்ளி மூடிக்கொண்டார். அப்பா ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒத்தை என்றோ இரட்டை என்றோ சொல்ல, டீச்சர் கையைத் திறந்து எண்ணினார். முதல் சட்டம் எங்களுடையது, ஐந்துக்கும் காய் இறங்கும். இரண்டாவது அவர்களுடையது, மூன்று முறை விழுந்தால் சாவு. மூன்றாவது எங்களுடையது, மலை எல்லோருக்கும் பொது.

மற்றதில் இரண்டு வீட்டுக்கும் பேதமில்லை. எதிரியின் காயை ஒன்றாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் நுழைய முடியாது. வெட்டுப்பட்ட காய் பழையபடி வெளியே போய்விடும், முதலிலிருந்து வரவேண்டும். சுற்றையெல்லாம் முடித்து நடுக்கட்டத்துக்குப் போன காய் பழம். நடுக்கட்டத்துக்கு முன்னால் நிற்கும் காய் பழமாவதற்குத் தாயமே விழ வேண்டும், வேறு எதுவும் உதவாது.

முதல் தாயம் அவருக்கு விழுந்தது. எங்களுக்கு விழவே இல்லை. அவர்களுடைய நீல மூடிகள் இரண்டு இறங்கி நடக்கத் தொடங்கிய பிறகும் எங்கள் மல்லாட்டைகள் தட்டோரத்தில் கிடந்தன. பிறகு ஒருவழியாக எனக்குத் தாயம் விழுந்து முதல் காய் இறங்கியது. அடுத்த முறை அப்பா கட்டையை வாங்கினார். ஐந்து. "எறக்கு" என்றார். மறு ஆட்டம். மறுபடியும் ஐந்து. அப்பா முட்டியில் எழுந்து நின்றுவிட்டார். கட்டையை நெற்றியில் ஒற்றி, கண்ணை மூடி உருட்டினார். மூன்றாவதும் ஐந்து.

"செத்துச்சு" என்றார் டீச்சர் அமைதியாக.

அப்பா கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷத்துல எனக்கு மூணு அஞ்சு விழுந்ததே இல்லங்க. இன்னிக்கா விழணும்" என்றார். இறக்கிய காய்களை அவரே எடுத்துத் திரும்ப வெளியில் வைத்தார். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், அடக்கமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த இடத்தில் எனக்கு மறந்துபோனது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு கால் மாற்றி உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் ஆட்டம் சூடுபிடித்தது. பக்கத்து மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சருடைய மூடி ஒன்று உள்சுற்றின் வாசலுக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றது. அவர் முன்னாலேயே ஒரு காயை வெட்டிவிட்டதால் அடுத்த ஆட்டத்தில் நுழைந்துவிடுவார். என் காய் அதற்கு ஆறு கட்டம் பின்னால். அம்மா காபி கொடுக்கிற சாக்கில் குனிந்து, "விட்டுக் குடுத்துடு, பெரியவங்க" என்று முணுமுணுத்தாள். நான் கட்டையை உருட்டினேன். மூன்றும் மூன்றும். ஆறு.

நான் என் மல்லாட்டையை ஆறு கட்டம் நகர்த்தி, நீல மூடியை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டீச்சர் மூடியை எடுத்து ஒரு முறை பார்த்தார். "நல்ல வெட்டு" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "மலையில ஏத்தி வைடான்னு சொன்னேன், கேட்டியா?" என்றார்.

அதற்கடுத்துத்தான் அந்த மல்லாட்டை விவகாரம். அவருடைய அப்பா கட்டத்துக்கும் தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்த்தபடியே உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் அடுத்த ஆட்டத்துக்குக் குனிந்தபோது மூலைக்கட்டத்தில் இருந்த எங்கள் காயைக் காணவில்லை. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்ததும் அசைவு நின்றது.

"நானா சாப்பிட்டேன்?" என்றார். கையில் தோல் இருந்தது.

இதற்கு எந்த வீட்டிலும் சட்டம் கிடையாது. காய் கட்டத்தில் இல்லையென்றால் வெட்டுப்பட்ட மாதிரிதான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வெட்டினால் வேறு, தின்றால் வேறு என்றார் அப்பா. டீச்சர் சிரிக்கவில்லை. "எங்க ஆள் பண்ண தப்பு. காய் அதே எடத்துல திரும்ப வரும். எங்களுக்கு ஒரு ஆட்டம் கட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தட்டைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். "ஆட்டம் முடியற வரைக்கும் இவருக்குக் கண்ணுல காட்டாதீங்க."

அம்மா முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். தட்டோடு அவளும் கட்டத்தருகில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் சாய்ந்தபோது எங்களுக்கு இரண்டு பழம், அவர்களுக்கும் இரண்டு. என் காய் ஒன்று வெளிச்சுற்றில் தனியாக மாட்டிக்கொண்டது. அவர் உருட்டினார், நான்கு. சரியாக நான்கு கட்டத்துக்கு முன்னால்தான் நான் இருந்தேன். அவர் என் காயைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர் மாதிரி வேறொரு மூடியை எடுத்து நகர்த்தப் போனார்.

"வெட்டுடா" என்றார் டீச்சர்.

"பரவால்லம்மா. இந்தக் காயை வெக்கறேன்."

"ஆட்டத்துல என்னடா பரவால்ல?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவர் எனக்கு விட்டுக்கொடுப்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அப்பா கூடப் பார்த்துவிட்டார். காலையிலிருந்து எல்லோர் முன்னாலும் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்த நான் நேராக அவரைப் பார்த்து, "வெட்டுங்க. எனக்காக ஆட வேணாம்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. வெட்டினார். என் காய் வெளியே போனது. மொத்தச் சுற்றும் வீண். அவ்வளவு தூரம் கொண்டுவந்த காய் போய்விட்டதே என்ற பதைப்பு ஒரு பக்கம். ஆனால் உள்ளுக்குள் என்னவோ துள்ளியது. நிமிர்ந்தபோது டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு விழுந்த ஆட்டத்தை இன்றைக்கும் அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். தாயம், பன்னிரண்டு, ஆறு, மறுபடியும் பன்னிரண்டு. வெட்டுப்பட்ட காய் இறங்கி, ஓடி, வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. பக்கத்து மாடிக்காரர்கள் கைதட்டினார்கள். மூன்றாவது பழம் எங்களுக்கு. உடனே அவர்களுக்கும் மூன்றாவது பழம். இரண்டு பக்கமும் மிஞ்சியது ஒவ்வொரு காய். அந்த இரண்டும் நடுக்கட்டத்துக்கு முன்னால் வந்து நின்றன. தாயம் யாருக்கு முதலில் விழுகிறதோ அவர்கள் ஜெயித்தார்கள்.

ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லா மாடியிலும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மலை உச்சியில் மேகம் விலகியிருந்தது. தெருவில் ஒலிபெருக்கி. அம்மா அகல்விளக்குகளில் எண்ணெய் ஊற்றித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள், மலையில் தீபம் தெரிந்ததும் வீட்டிலும் ஏற்ற வேண்டும். அவருடைய அப்பா, "போதும் எழுந்திருங்க, அப்புறம் ஆடிக்கலாம்" என்றார். யாரும் அசையவில்லை.

அப்பா உருட்டினார், மூன்று. அவர் உருட்டினார், இரண்டு. நான் உருட்டினேன், நான்கு. டீச்சர் உருட்டினார். ஒரு கட்டை நின்று ஒரு புள்ளி காட்டியது. இன்னொன்று உருண்டு, உருண்டு, காலிப் பக்கம் மேலே வந்தது போல நின்று, கடைசியில் சாய்ந்து இரண்டு காட்டியது. மூன்று. அப்பாவுக்கு மறுபடியும் நான்கு. அவருக்கு மூன்று. இருட்டத் தொடங்கியிருந்தது, குனிந்துதான் புள்ளியைப் பார்க்க வேண்டியிருந்தது.

கட்டை என் கைக்கு வந்தது. உரசினேன். பித்தளை சூடாக இருந்தது. கையை விரித்த அதே நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது, ஊர் முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. அண்ணாமலையாருக்கு அரோகரா. என் தலை தானாக நிமிர்ந்துவிட்டது. உச்சியில் நெருப்பு. எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த முதல் நொடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எழுந்து கைகளைத் தலைக்கு மேல் கூப்பினோம். அம்மா அழுதுகொண்டே விளக்குத் தட்டோடு கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடினாள். கட்டத்தின் குறுக்காகத்தான் ஓடினாள்.

பித்தளை கிணுகிணுத்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒரு கட்டை செருப்புகளுக்கு நடுவில் கிடந்தது. இன்னொன்று தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்.

"என்ன விழுந்துச்சு?" என்றார் அப்பா.

எனக்குத் தெரியவில்லை. டீச்சரின் மகனுக்கும் தெரியவில்லை. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "திரும்பப் போட்டுக்கலாங்க" என்று அப்பா சொல்லத் தொடங்கினார்.

டீச்சர் எழுந்திருக்கவே இல்லை. கட்டத்துக்கு எதிரில் குத்துக்காலிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "வேணாம் சார். தாயம்" என்றார். "ஒண்ணுல காலி, ஒண்ணுல ஒத்தைப் புள்ளி. நான் பாத்தேன்."

என் மல்லாட்டையை அவரே எடுத்து நடுக்கட்டத்தில் வைத்தார். "பழம். ஜெயிச்சுட்டீங்க."

அதன் பிறகுதான் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மலையைப் பார்த்துக் கைகூப்பினார். அவருடைய கணவருக்கு நம்ப முடியவில்லை. "காலையிலேர்ந்து பட்டினி கெடந்துட்டு, ஏத்தற நேரத்துல கட்டையப் பாத்துட்டிருந்தியா?"

"தீபம் பதினோரு நாள் எரியும். கட்டை நிக்கறது ஒரு செகண்டு. ரெண்டுல எதை மொதல்ல பாக்கணும்?"

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையில் பித்தளை வாசனை. அதுவரை அவரை ஆண்ட்டி என்றுதான் அழைத்திருந்தேன். "அத்தை, சாப்பிட வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவர் மகன் விளக்குக்குத் திரி தூண்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை, "பசி உயிர் போவுது, வாம்மா" என்றார்.

கல்யாணப் பேச்சு கார்த்திகைப் பொரி உருண்டையும் அடையும் தின்றபடி ஹாலில் நடந்தது. நடந்தது என்று கூடச் சொல்ல முடியாது. அம்மா தயங்கித் தயங்கி, "மத்ததெல்லாம் எப்படிங்க..." என்று ஆரம்பித்தாள். அத்தை, "தை மாசம் வெச்சுக்கலாம். உங்களுக்குச் சரிப்படுதா?" என்று கேட்டுவிட்டு, அப்பாவிடம் திரும்பி, "அந்த மூலையில மலை இல்லாதது தப்பு சார். நான் ஒத்துக்கவே மாட்டேன்" என்றார். அப்பா அடையைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார்.

அவர்களை பஸ் ஏற்றிவிட எல்லோரும் வேலூர் ரோட்டுக்கு நடந்தோம். தெரு கொள்ளாத கூட்டம், எல்லா வீட்டு வாசலிலும் விளக்கு வரிசை, அன்னதானப் பந்தல்களில் புகை. கூட்டத்தில் தவறிவிடுவேனோ என்று அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒலிபெருக்கியை மீறிக் கத்திக்கொண்டே வந்தார். என் மூன்றாவது காயை நான் அவ்வளவு சீக்கிரம் மலையிலிருந்து இறக்கியிருக்கக் கூடாதாம். பன்னிரண்டு விழுந்தபோது பின்னால் இருந்த காயை நகர்த்தியிருக்க வேண்டுமாம். அப்படிச் செய்திருந்தால் ஆட்டம் எப்போதோ முடிந்து, எல்லோரும் நிம்மதியாகத் தீபம் பார்த்திருக்கலாமாம்.

"இல்ல அத்தை, பின்னாடி இருந்ததை நகத்தியிருந்தா நீங்க வெட்டியிருப்பீங்க."

"வெட்டியிருக்க மாட்டேன்."

"வெட்டியிருப்பீங்க."

அவர் நின்று யோசித்தார். பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். "ஆமா, வெட்டியிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டு மறுபடியும் நடந்தார்.